கருப்புக் காய்களுக்கு ஒரு ஓபனிங்கை எப்படிக் கற்பது?

கேள்வி இதுதான்: "ஒன்றரை வருடமாக ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன். ரேட்டிங் 1200ஐச் சுற்றியே நிற்கிறது. வெள்ளையில் ஓரளவு சமாளிக்கிறேன். கருப்பு வந்தால் பத்து நகர்த்தலுக்குள் மூச்சு முட்டிவிடுகிறது. சிசிலியன் நைடார்ஃப் படித்தேன். ஆனால் எதிராளிகள் யாரும் நான் படித்த வழியில் வருவதே இல்லை. கருப்புக்கு எந்த ஓபனிங்கைக் கற்பது, எப்படிக் கற்பது?"

"யாரும் நான் படித்த வழியில் வருவதே இல்லை" என்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிப்போம். சிசிலியன் என்ற ஓபனிங்கின் ஒரு கிளையான நைடார்ஃப் நிலை பலகையில் வர வேண்டுமென்றால் 1. இ4 சி5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 சிப்பாய் வெட்டு 4. குதிரை டி4இல் வெட்டு, குதிரை எஃப்6 5. குதிரை சி3 ஏ6 என்று போக வேண்டும். (ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வருவது வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கருப்பின் பதில்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்.) வெள்ளை ஐந்து தடவை உங்களோடு ஒத்துழைத்தால்தான் நீங்கள் படித்த பாடத்தின் முதல் பக்கமே திறக்கும். 1200 ரேட்டிங்கில் யார் அப்படி ஒத்துழைக்கப் போகிறார்கள்? ஒருவர் 2. சி3 ஆடுவார். இன்னொருவர் 2. பிஷப் சி4 ஆடிவிட்டு எஃப்7ஐ முறைப்பார். மூன்றாமவர் 2. டி4 ஆடி, வெட்டினால் 3. சி3 என்று ஒரு சிப்பாயை இனாமாக நீட்டுவார். நீங்கள் பதினைந்தாவது நகர்த்தல் வரை படித்து வைத்திருப்பீர்கள், ஆட்டம் இரண்டாவது நகர்த்தலிலேயே வேறு ஊருக்குப் போய்விடும்.

வெள்ளைக்கும் கருப்புக்கும் ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) படிப்பதில் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். வெள்ளையில் நீங்கள் வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கருப்பில் நீங்கள் தேர்ந்தெடுப்பது முதல் பதிலை மட்டும். அதற்கப்புறம் எந்தக் கிளைக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் வெள்ளைதான் முடிவு செய்கிறது. ஆகவே கருப்புக்கான ஓபனிங்கைப் பொறுக்கும்போது, எதிராளி எந்தக் கிளையில் திரும்பினாலும் எனக்குப் பழக்கமான மாதிரி ஒரு நிலை வருமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதன் மிகக் கூர்மையான கிளை எவ்வளவு அழகு என்பதெல்லாம் பிறகு.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். முதலில் நகர்வதால் வெள்ளைக்குச் சின்ன லாபம் உண்டு. மாஸ்டர் ஆட்டங்களின் தொகுப்புகளைப் பார்த்தால், நூறு புள்ளிக்கு 54, 55 வெள்ளைக்குப் போகும். அதனால் கருப்பு ஓபனிங்கின் வேலை பத்தாவது நகர்த்தலில் வெள்ளையை மடக்குவது இல்லை. ராஜாவைப் பத்திரப்படுத்தி, எல்லாக் காய்களையும் வெளியே கொண்டுவந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரிந்த ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தால் போதும். 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் செய்தது அதைத்தான். அப்போதைய சாம்பியன் காஸ்பரோவின் இ4க்கு எதிராக, எல்லோரும் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கிய பெர்லின் டிஃபென்ஸை எடுத்தார். ஆரம்பத்திலேயே ராணிகள் வெளியேறிவிடும், கருப்பு ராஜா கேஸ்லிங்கூட (யானையோடு சேர்ந்து ஒரே நகர்த்தலில் ஓரத்துக்கு ஒதுங்குவது) செய்ய முடியாமல் நடுவில் நிற்கும். பார்க்க அசிங்கமான நிலை. ஆனால் காஸ்பரோவால் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. பட்டம் கைமாறியது.

சரி, எதைக் கற்பது? ரேட்டிங் 1000க்குக் கீழே இருந்திருந்தால் 1... இ5 (மூன்று புள்ளி என்றால் கருப்பின் நகர்த்தல்) ஆடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்றிருப்பேன். உங்கள் நிலைமைக்கு நான் காரோ-கானைச் சொல்வேன்: 1. இ4 சி6, அடுத்து 2... டி5. பிரெஞ்சும் (1... இ6) நல்ல ஓபனிங்தான். 2024இல் சிங்கப்பூரில் டிங் லிரென் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் குகேஷை கருப்பில் வென்றது பிரெஞ்சு ஆடித்தான். ஆனால் அதில் சி8 பிஷப் தன் சொந்த இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். அதை வெளியே கொண்டுவரும் கலை கைவர நாளாகும்.

காரோ-கான் என்ற பெயர் இரண்டு பேருடையது. பெர்லினில் வாழ்ந்த ஹொராஷியோ காரோ, வியன்னாவைச் சேர்ந்த மார்குஸ் கான். 1880களில் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். பிறகு உலகச் சாம்பியன்கள் பலர் இதை எடுத்தார்கள். கபாபிளாங்கா ஆடினார். போட்வின்னிக் 1958 மறுபோட்டியில் ஸ்மிஸ்லோவுக்கு எதிராக இதை ஆயுதமாக எடுத்து, பட்டத்தைத் திரும்ப வாங்கினார். பெட்ரோசியனும் கார்போவும் இதை நெடுநாள் நண்பனாகவே வைத்திருந்தார்கள். இந்தப் பெயர்களைச் சும்மா அடுக்கவில்லை. இவர்கள் ஆடிய ஆட்டங்கள்தான் உங்கள் பாடப்புத்தகம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 1. இ4 சி6 2. டி4 டி5 வரை வையுங்கள். பலகையைப் பாருங்கள். வெள்ளையின் இ4 சிப்பாய் தாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வெள்ளை என்னென்ன செய்யலாம்? முன்னே தள்ளலாம், வெட்டலாம், காக்கலாம். மூன்றே வழி. இந்த நிலையிலிருந்து பிரியும் கிளைகள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பலகையைப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் ரேட்டிங்கில் தள்ளுவதுதான் அதிகம் வரும். அதனால் அதில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

3. இ5 என்று தள்ளியதும் உங்கள் பதில் 3... பிஷப் எஃப்5. பிரெஞ்சில் சிறைப்பட்ட அதே பிஷப் இங்கே வெளியே வந்துவிட்டது. அதன் பிறகுதான் இ6 ஆடிக் கதவைச் சாத்துகிறீர்கள். இந்த ஓபனிங்கின் உயிரே இந்த வரிசையில்தான் இருக்கிறது: முதலில் பிஷப் வெளியே, பிறகு கதவு. இதற்கு ஒரு விலையும் உண்டு. வெள்ளையின் டி4, இ5 சிப்பாய்ச் சங்கிலியை உடைக்க, அதன் அடியில் இருக்கும் டி4ஐத் தாக்க வேண்டும், தாக்குவது சி5. நீங்கள் ஏற்கனவே சி6 ஆடிவிட்டீர்கள், இப்போது மறுபடி சி5. ஒரு வேலைக்கு இரண்டு நகர்த்தல். பிரெஞ்சுக்காரர் அதை ஒரே நகர்த்தலில் முடித்திருப்பார். பிஷப்பை வெளியே விட்டதற்கு நீங்கள் கட்டும் வாடகை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது புரிந்துவிட்டால் மற்றவை தானாக வரும். சி5 தள்ளியாக வேண்டும். பி8 குதிரை சி6க்கு வந்து டி4ஐ அழுத்தும். ராணி பி6க்கு வந்தால் டி4, பி2 இரண்டையும் பார்க்கும். ஜி8 குதிரைக்கு எஃப்6 கிடையாது, அங்கே இ5 சிப்பாய் காவல் நிற்கிறது. ஆகவே அது இ7 வழியாகப் போகும். எஃப்5இல் பிஷப் நிற்பதால் குதிரை வரும்போது பிஷப் ஜி6க்கு ஒதுங்கி இடம் விடும். இதில் எந்த நகர்த்தல் முன்னே, எது பின்னே என்பது எதிராளியைப் பொறுத்து மாறலாம். காய்களின் வீடு மாறாது.

வெள்ளை 4. பிஷப் டி3 ஆடினால்? நிறையப் பேர் ஆடுவார்கள், காயை வெளியே கொண்டு வருகிறோம் என்ற நல்ல எண்ணத்தில். சந்தோஷமாக மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் டி4, இ5 என்று கறுப்புக் கட்டங்களில் நிற்கின்றன. அப்படியென்றால் வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப்தான் அவருடைய நல்ல பிஷப். உங்களுக்கோ அது தலைவலி கொடுக்கக்கூடிய பிஷப். அவரே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்! 5. ராணி டி3இல் வெட்டியதும் இ6, பிறகு 6. குதிரை எஃப்3 வந்தால் ராணி ஏ5 செக், அவர் சி3 என்று மறைத்ததும் ராணி ஏ6. டி3இல் நிற்கும் ராணியை மாற்றச் சொல்லிக் கேட்கிறீர்கள். மாற்றிவிட்டால் வெள்ளைக்குத் தாக்குதல் இல்லை. மாற்றாமல் ராணி ஒதுங்கினால், உங்கள் ராணி அந்தக் குறுக்கு வரிசையை ஆளும், வெள்ளை ராஜா சுலபமாகக் கேஸ்லிங் செய்ய முடியாது. இந்த ஏ5-ஏ6 நடையை ஒரு தடவை பலகையில் ஆடிப் பாருங்கள், மறக்காது.

4. எச்4 என்பது வேறு ரகம். இதை நான் கற்றது ஒரு தோல்வியில். பல வருடம் முன்பு, ஒரு சின்னப் போட்டியின் மூன்றாவது சுற்று. எதிரே என்னைவிட ரேட்டிங் குறைந்த ஒரு பையன். காரோ-கானில் முக்கியக் கிளையை நான் பதினான்கு நகர்த்தல் வரை மனப்பாடமாக வைத்திருந்தேன். அவன் 3. இ5 ஆடினான், பிஷப் எஃப்5 போட்டேன். அவன் 4. எச்4. ஓரச் சிப்பாயைத் தள்ளுகிறானே, ஓபனிங் தெரியாத பையன் போலிருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, யோசிக்காமல் இ6 ஆடினேன். 'பிஷப் வெளியே, பிறகு கதவு', பாடம் அதுதானே. அவன் 5. ஜி4. பிஷப் இ4க்குப் போனது, எச்1 யானையைத் தாக்கியபடி. 6. எஃப்3. பிஷப் ஜி6க்குத் திரும்பியது. 7. எச்5. அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். எஃப்5ஐ ஜி4 சிப்பாய் காக்கிறது, இ4ஐ எஃப்3 சிப்பாய் காக்கிறது, எச்7இல் என்னுடைய சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிப்பாய்க்கு பிஷப்பைக் கொடுத்துவிட்டு முப்பது நகர்த்தல் இழுத்தேன், மரியாதைக்காக.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது பதில் எளிமையாக இருந்தது. 4... எச்5 ஆடினால் ஜி4 தள்ள முடியாது, வெட்டிவிடலாம். 4... எச்6 ஆடினால் பிஷப்புக்கு எச்7 என்ற பதுங்கு குழி கிடைக்கும். இரண்டில் எதை ஆடினாலும் சரி. நான் எச்5 ஆடுகிறேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது நகர்த்தல் வரிசை இல்லை. 'வெளியே வந்த பிஷப்பைச் சிப்பாய்கள் துரத்த வரும், அதற்குத் திரும்பி ஓட வழி இருக்கிறதா' என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி இருந்திருந்தால் 4. எச்4ஐ அதுவரை பார்த்திராவிட்டாலும் தப்பித்திருப்பேன். 1961 பட்டப் போட்டியில் போட்வின்னிக்குக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் டால் ஆடிய நகர்த்தல் அது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 'ஓபனிங் தெரியாத பையன்'!

அடுத்து வெட்டுவது. 3. இ சிப்பாய் டி5இல் வெட்ட, நீங்கள் சி சிப்பாயால் திரும்ப வெட்டுகிறீர்கள். பலரும் இதைச் சமனாகிப் போன சோம்பேறிக் கிளை என்று நினைக்கிறார்கள். 1970 பெல்கிரேடில், சோவியத் அணிக்கும் மற்ற உலக அணிக்கும் நடந்த போட்டியில், அமெரிக்காவின் ஃபிஷர் இதே கிளையை ஆடி பெட்ரோசியனை வென்றார். ஆகவே மரியாதை கொடுங்கள். வழக்கமான வரிசை 4. பிஷப் டி3 குதிரை சி6 5. சி3 குதிரை எஃப்6 6. பிஷப் எஃப்4 பிஷப் ஜி4. பிஷப் டி3இல் இருப்பதே உங்கள் பிஷப் எஃப்5க்கு வரக்கூடாது என்பதற்காகத்தான், ஆகவே அது ஜி4க்குப் போகிறது. 7. ராணி பி3 வந்து பி7ஐத் தாக்கினால் ராணி டி7 ஆடிக் காத்துக்கொள்ளலாம்.

இங்கே நகர்த்தல்களைவிடச் சிப்பாய்களை எண்ணிப் பார்ப்பது பயன்படும். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு ஏ, பி, சி என்று மூன்று சிப்பாய், உங்களுக்கு ஏ, பி என்று இரண்டு. குறைவாக இருக்கும் அந்த இரண்டைத்தான் நீங்கள் முன்னே அனுப்புகிறீர்கள். பி5, பி4 என்று போய் சி3ஐ முட்டினால், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் வெள்ளைக்கு அங்கே ஒரு நோஞ்சான் சிப்பாய் மிஞ்சும். திறந்து கிடக்கும் சி-வரிசையில் யானையை வைத்து அதை அழுத்தலாம். சிறுபான்மைத் தாக்குதல் என்பார்கள். இந்த ஒரு திட்டம் தெரிந்தால் எட்டாவது நகர்த்தலுக்கு அப்புறம் 'இப்போது என்ன செய்வது' என்று முழிக்க மாட்டீர்கள். ஆன்லைனில் பிளிட்ஸ் (சில நிமிட அதிவேக ஆட்டம்) ஆடுகிறவர்களுக்கு இது பெரிய சொத்து. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கைக்கு ஒரு வேலை இருக்கும்.

இதே கிளையில் 4. சி4 ஆடினால் அது பனோவ் என்ற உட்கிளை. சற்றே கூர்மையானது. குதிரை எஃப்6, இ6, பிஷப் இ7, கேஸ்லிங் என்று நிதானமாகப் போங்கள். பெரும்பாலும் வெள்ளையிடம் டி4இல் ஒரு தனிச் சிப்பாய் மிஞ்சும். அதற்கு முன்னால் டி5இல் உங்கள் குதிரையை நட்டு வைத்தால் ஆட்டம் உங்களுக்கு விளங்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, காப்பது. 3. குதிரை சி3 (அல்லது டி2), நீங்கள் இ4இல் வெட்ட, குதிரை திரும்ப வெட்டும். இங்கே மூன்று பாதை பிரிகிறது: பிஷப் எஃப்5, குதிரை டி7, குதிரை எஃப்6. புத்தகங்களில் முதலாவதுதான் ராஜபாட்டை. 5. குதிரை ஜி3 பிஷப் ஜி6 6. எச்4 எச்6 என்று போகும். (அந்த எச்6 எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.) இரண்டாவது பாதையில் ஒரு படுகுழி உண்டு. 4... குதிரை டி7 5. ராணி இ2 வந்ததும் 'இன்னொரு குதிரையையும் வெளியே விடுவோம்' என்று ஜி8 குதிரையை எஃப்6க்கு ஆடினால், 6. குதிரை டி6, மேட். இ7 சிப்பாயால் வெட்ட முடியாது, ராணி அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. ராஜாவைச் சுற்றி எல்லாக் கட்டமும் சொந்தக் காய்கள். ஆறாவது நகர்த்தலில் மூச்சடைத்துச் சாவு. இதைப் பலகையில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது பாதை, டார்டகோவர்: 4... குதிரை எஃப்6 5. குதிரை வெட்டு செக், இ சிப்பாயால் திரும்ப வெட்டு. எஃப்-வரிசையில் இரட்டைச் சிப்பாய் விழுகிறது. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் வெள்ளைக்கு லாபம், அது உண்மைதான். ஆனால் அதுவரை? பிஷப் டி6, கேஸ்லிங், யானை இ8. நான்கைந்து நகர்த்தலில் உங்கள் காய்கள் எழுந்து நிற்கும், ராஜாவுக்கு முன்னால் சிப்பாய்ச் சுவர் தடிமனாக இருக்கும், இ-வரிசை திறந்திருக்கும். கற்க வேண்டியது கொஞ்சம், படுகுழிகள் குறைவு. முன்பு இதைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள். இப்போது பெரிய ஆட்டக்காரர்களே அடிக்கடி எடுக்கிறார்கள்.

மீதியை வேகமாகக் கடந்துவிடலாம். 3. எஃப்3 வந்தால் வெட்டிவிட்டு இ5 தள்ளுங்கள். அவர் ஆசைப்பட்டு டி சிப்பாயால் இ5ஐ வெட்டினால் ராணி எச்4 செக், ஜி3, ராணி இ4இல் வெட்டி மறுபடி செக், எச்1 யானை உங்களுக்கு. 2. பிஷப் சி4க்கு 2... டி5. பிஷப்பே முகத்தில் அறை வாங்கியது போல் பின்வாங்கும். இரண்டு குதிரைகளையும் முதலில் எடுத்தால் (2. குதிரை சி3 டி5 3. குதிரை எஃப்3) பிஷப் ஜி4 ஆடுங்கள், எச்3 வந்தால் எஃப்3 குதிரையை வெட்டிவிட்டு இ6. இதில் மட்டும் ஓர் எச்சரிக்கை: வழக்கம் போல் இ4இல் வெட்டிவிட்டு பிஷப்பை எஃப்5க்குக் கொண்டு போகாதீர்கள். வெள்ளை இன்னும் டி4 ஆடவில்லை, அந்த நகர்த்தலை மிச்சம் பிடித்து ஒரு குதிரையை இ5க்கு அனுப்பி உங்கள் பிஷப்பை வாட்டி எடுத்துவிடும்.

நகர்த்தல் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே ஓபனிங்கில் உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. 1997 மே, நியூயார்க். டீப் புளூ கணினிக்கு எதிராகக் காஸ்பரோவின் ஆறாவது, கடைசி ஆட்டம். காஸ்பரோவ் கருப்பு. 4... குதிரை டி7 பாதையில் வெள்ளை 5. குதிரை ஜி5 என்று வந்தது. குதிரை எஃப்6, பிஷப் டி3, இ6, இன்னொரு குதிரை எஃப்3. இப்போது பிஷப்பை டி6க்கு ஆடிவிட்டு, அப்புறம் எச்6 தள்ளி அந்தக் குதிரையைத் துரத்த வேண்டும். காஸ்பரோவ் எச்6ஐ முன்னால் ஆடிவிட்டார். குதிரை திரும்பிப் போகவில்லை, இ6இல் பாய்ந்து வெட்டியது. எச்6 ஆடியதால் ஜி6 கட்டத்துக்குக் காவல் இல்லை, பிஷப் அங்கே வந்து செக் கொடுத்தது. எஃப்8 பிஷப் இன்னும் வீட்டிலேயே இருந்ததால் ராஜாவுக்கு ஒதுங்க நல்ல இடமில்லை. 19 நகர்த்தலில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், போட்டியும் போனது. எந்த நகர்த்தலும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை, ஒன்று ஒரு படி முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கே காரணம் விளங்குகிறதோ அங்கே மனப்பாடம் தேவையில்லை. எங்கே ஒரே ஒரு நகர்த்தல்தான் உயிர் காக்குமோ அங்கே கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுங்கள். மேலே நான் சொன்ன படுகுழிகளை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

சரி, அன்றாடம் எப்படிப் படிப்பது? என் யோசனை தலைகீழாக இருக்கும். படித்து முடித்துவிட்டு ஆடலாம் என்று காத்திருக்காதீர்கள். மேலே உள்ள அளவுக்குத் தெரிந்தாலே போதும், இன்றைக்கே ஆட ஆரம்பியுங்கள். 15 நிமிட ஆட்டம் ஆடுங்கள். மூன்று நிமிட பிளிட்ஸில் பழைய தப்புகள்தான் கைக்கு ஏறும். ஒவ்வொரு கருப்பு ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு வேலை: நீங்கள் அறிந்த வழியிலிருந்து ஆட்டம் எந்த நகர்த்தலில் விலகியது, விலகியது நீங்களா அவரா என்று பாருங்கள். நீங்கள் விலகியிருந்தால் மறதி, ஒரு வரி எழுதி வையுங்கள். அவர் விலகியிருந்தால் அந்த நகர்த்தல் என்ன கெடுத்தது, என்ன விட்டுக்கொடுத்தது என்று முதலில் சொந்த மூளையில் யோசியுங்கள். அதன் பிறகுதான் என்ஜின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்).

என்ஜினைப் பற்றி ஒரு சின்னக் குறை. அது முதல் நகர்த்தலிலிருந்தே வெள்ளைக்கு 0.3, 0.4 என்று (ஒரு சிப்பாயின் மதிப்பு 1) கூடுதல் காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து 'இந்த ஓபனிங் சரியில்லை' என்று இன்னொன்றுக்குத் தாவுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1200இல் ஆட்டங்கள் 0.4இல் முடிவதில்லை. யாராவது ஒரு குதிரையைச் சும்மா விட்டுவிட்டுப் போவதில்தான் முடிகின்றன. என்ஜினிடம் கேட்க வேண்டியது 'எது மிகச் சிறந்தது' என்பதை இல்லை, 'நான் ஆட நினைத்தது ஏன் தோற்றது' என்பதை. நீங்கள் ஆட நினைத்த நகர்த்தலைப் போட்டுப் பாருங்கள், அது எப்படித் தண்டிக்கிறது என்று காட்டும். அங்கேதான் படிப்பு.

குறிப்பு எழுதுவதற்கு ஆடம்பரமான மென்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டில், ஒரு கிளைக்கு ஒரு பக்கம். மேலே நான்கைந்து நகர்த்தல். கீழே என் காய்கள் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சிப்பாயை எப்போது தள்ள வேண்டும், எந்தக் காயை மாற்றினால் எனக்கு நல்லது என்று சாதாரண வாக்கியத்தில். அந்த வாக்கியத்தை உங்களால் எழுத முடியவில்லையென்றால் அந்தக் கிளை உங்களுக்குப் புரியவில்லை. நகர்த்தல்கள் ஞாபகம் இருந்தாலும் சரி.

கார்போவின் ஆட்டங்களுக்கு வருகிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து அவர் கருப்பில் காரோ-கான் ஆடிய ஆட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று எடுத்து, ஓபனிங்கோடு நிறுத்தாமல் கடைசி நகர்த்தல் வரை ஓட்டிப் பாருங்கள். பன்னிரண்டாவது நகர்த்தலில் சி-வரிசைக்கு வந்த யானை நாற்பதாவது நகர்த்தலில் என்ன ஆனது, எந்தக் காய்களை அவர் மாற்றிக்கொண்டார், எதை விடாமல் வைத்திருந்தார் என்று பார்த்தால், ஓபனிங்கில் செய்ததெல்லாம் எதற்கு என்று விளங்கும். அடுத்த நகர்த்தலை மறைத்து வைத்து ஊகித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. பத்துக்கு மூன்று சரியாக வந்தாலே சந்தோஷப்படலாம்.

எவ்வளவு நாள் ஆகும்? நாளுக்கு இரண்டு ஆட்டம் ஆடினால், அதில் ஒன்றில் கருப்பு கிடைக்கும்; கருப்பில் பாதிக்குமேல் 1. இ4 வரும் என்று வையுங்கள். மூன்று மாதத்தில் ஐம்பது காரோ-கான் ஆட்டம் கையில் இருக்கும். அந்த ஐம்பது முடியும் வரை ஓபனிங்கை மாற்றாதீர்கள். முதல் பதினைந்து ஆட்டங்களில் ரேட்டிங் இறங்கும். எனக்கும் இறங்கியது. கைப்பழக்கம் மாறும்போது அப்படித்தான் ஆகும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், 1. டி4க்கு என்ன செய்வது என்பது அடுத்து வரும். அதற்கும் சி6, டி5 என்ற அதே அடித்தளத்தைப் போடலாம்: 1. டி4 டி5 2. சி4 சி6, ஸ்லாவ். ஆனால் காரோ-கான் பழக்கத்தில் பிஷப்பை அவசரப்பட்டு எஃப்5க்கு விடாதீர்கள். சி4 சிப்பாய் அங்கே நிற்கும்வரை வெள்ளை டி5இல் வெட்டிவிட்டு ராணியை பி3க்குக் கொண்டு வந்து, பிஷப் விட்டுப் போன பி7ஐப் பிடித்துக்கொள்ளும். குதிரைகள் வந்த பிறகு சி4இல் வெட்டுங்கள், அவர் ஏ4 ஆடட்டும், அப்போது பிஷப் எஃப்5. இன்றைக்கு ஆன்லைனில் எல்லோரும் ஆடும் லண்டன் (2. பிஷப் எஃப்4) வந்தால் சி5, குதிரை சி6, ராணி பி6. சி1ஐ விட்டுப் போன பிஷப் பி2ஐக் காக்க முடியாது, அந்தச் சிப்பாயைப் பற்றி அவர் கவலைப்பட ஆரம்பிப்பார். 1. சி4 வந்தாலும் சி6 ஆடிப் பாருங்கள். அவர் 2. இ4 ஆடினால் 2... டி5, கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஏற்கனவே படித்த பனோவ் நிலையில் உட்கார்ந்திருப்பீர்கள்.